நீங்க முதல்ல இறங்குங்க

'அலைவாணி' என்ற பயணிகள் கப்பல் சங்குமுனைக்கு நேரே கடலில் மூழ்க ஆரம்பித்தது ஓர் ஐப்பசி மாதம், மூழ்கி முடித்ததும் ஓர் ஐப்பசி மாதம்தான், ஆனால் இரண்டும் ஒரே ஐப்பசி இல்லை. நடுவில் ஊரில் பிறந்த பிள்ளைகள் நடை பழகி, பால்பல் விழுந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, வாய்ப்பாடு தெரியாமல் அடி வாங்கவும் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கப்பல் மூழ்க இவ்வளவு காலமா என்று வெளியூர்க்காரர்கள் வாய்பிளப்பார்கள். சங்குமுனைக்காரர்கள் அப்படிக் கேட்டதில்லை. அவர்கள் கிட்டே நின்று பார்த்த கப்பல் அது ஒன்றுதான், அது அப்படித்தான் மூழ்கியது, மற்ற கப்பல்கள் எப்படி மூழ்கினால் அவர்களுக்கென்ன.

முதல் ஐப்பசியில் கொண்டல் காற்று விடிந்ததிலிருந்தே கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த அலைவாணியின் வயிற்றில் எங்கேயோ தகடு கிழிந்து, எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. எல்லாருக்கும் முன்னால் கேப்டன் முதல் படகில் ஏறிக்கொண்டார். உதவி கூட்டிவரப் போகிறேன் என்றார், அப்படிச் சொல்லும்போது கையில் சூட்கேஸும் கக்கத்தில் ஒரு டேப்ரிக்கார்டரும் இருந்தன. அவர் பின்னாலேயே மற்ற அதிகாரிகளும் ஏறிக்கொண்டார்கள், உதவி கூட்டிவர ஒருவர் போதாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். மிச்சம் நின்ற ஒரே அதிகாரி காளிராஜ். எல்லாருக்கும் இளையவன், இருபத்துநாலு வயசு, சாத்தூரில் சேவுக்கடை வைத்திருப்பவரின் மகன், கப்பல் வேலைக்கு வருமுன் அவன் பார்த்த பெரிய தண்ணீர் வைப்பாற்றில் என்றைக்கோ வந்த வெள்ளம்தான். கேப்டன் படகிலிருந்து அண்ணாந்து கத்தினார்.

"காளிராஜ், கடைசி ஆள் இறங்கின பிறகுதான் நீ இறங்கணும். புரிஞ்சுதா?"

"யெஸ் சார்" என்றான் காளிராஜ்.

கேப்டன் இதை மனசார நினைத்துச் சொன்னாரா, போகிறபோக்கில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாரா தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டவன் காளிராஜ். பரீட்சைக்குப் படித்ததைப் பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுகிற சாமர்த்தியம் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. பயணிகள் இருக்கிற கப்பலில் அதிகாரி கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்று சென்னையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவன் அதைப் படித்ததோடு நிற்காமல் நம்பியும் விட்டிருந்தான்.

சாய்ந்த கப்பலைக் கரையிலிருந்து பார்த்த சங்குமுனை, இருந்த வள்ளங்களையெல்லாம் கடலில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காளிராஜ் மேலேயிருந்து ஆள் ஆளாக இறக்கிவிட்டான், ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் கப்பலில் ஏறிவந்து அவனுக்கு ஒத்தாசையாக நின்றார், கீழே வள்ளங்கள் ஏந்திக்கொண்டன. தையல் மிஷினை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுத ஒரு அம்மாவை மிஷினோடு சேர்த்தே இறக்கினார்கள். உச்சிவெயில் நேரத்துக்குக் கப்பலில் பயணி என்று ஒருவரும் இல்லை, காளிராஜும் கஸ்பாரும் மட்டும் எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க முதல்ல இறங்குங்க" என்றான் காளிராஜ்.

"நீங்க இறங்குங்க தம்பி. நான் பின்னாலயே வாரேன்."

"இல்லண்ணே, நான் ஆபீசர். கடைசி ஆள் இறங்கின பிறகுதான் நான் இறங்கணும்."

"ஒங்க கப்பல்ல அப்படி ஒரு சட்டம் இருக்குன்னா எங்க ஊருலயும் ஒரு சட்டம் இருக்கு தம்பி" என்றார் கஸ்பார். "தாழ்ந்து போற வள்ளத்துல ஒருத்தனத் தனியா விட்டுட்டு எவனும் கரைக்குத் திரும்பக் கூடாது."

அந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் செபஸ்தி என்பவரின் வள்ளம் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போய்க் கயிறு எடுத்துட்டு வாங்கலே, நான் இருக்கேன்" என்று செபஸ்தி சிரித்துக்கொண்டே சொல்ல, கூட இருந்தவர்கள் கரைக்கு வந்து கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். போனால் வள்ளமும் இல்லை, செபஸ்தியும் இல்லை. கயிறு எடுக்க வந்தவர்களில் கஸ்பார் ஒருவர். செபஸ்தியின் வீட்டு முற்றத்தில், அவர் மனைவியும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் மெட்டில்டாவும் பார்த்துக்கொண்டிருக்க, ஊர் ஆண்களெல்லாம் அந்தோணியார் படத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள், அன்றையிலிருந்து குடிகாரன் ஒருவன் வம்புக்கென்று வள்ளத்தில் படுத்துக்கொண்டால்கூட அவனோடு இன்னொருவன் விடியும்வரை உட்கார்ந்திருப்பான்.

ஆக, கஸ்பார் இறங்காமல் காளிராஜ் இறங்க முடியாது, காளிராஜ் இறங்காமல் கஸ்பார் இறங்க முடியாது. இரண்டு பேரும் மாறி மாறி "நீங்க முதல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்க, மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் சாப்பாட்டுக்கூடத்தின் வாசல்வரை வந்து, உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று தயங்கும் விருந்தாளி போல அங்கேயே நின்றுவிட்டது. கப்பலுக்கு அடியில் பாறை எதுவும் இல்லை, நங்கூரமும் போடவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் மூழ்கிப் பார்த்துவிட்டு, அடியில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். சரி, நிற்கிறது, நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கஸ்பாருக்குப் பசித்தது, லாரன்ஸ் என்பவர் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தார், லாரன்ஸ் ஏறிவந்ததும் கஸ்பார் இறங்கிப்போனார், அப்படி அன்றைக்கே முறை ஆரம்பமாகிவிட்டது.

வீட்டுக்கு ஓர் ஆள், நாளுக்கு ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போதே, அடுத்த வாரம் ஆபீசர் தம்பியோடு இருக்க யார் யாருக்கு முறை என்பதையும் ஃபாதர் வாசித்துவிடுவார். ஒருவர் ஏணியில் கால் வைத்து ஏறின பிறகுதான் இன்னொருவர் இறங்குவார். காளிராஜ் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான், கோபப்பட்டான், சட்டம் பேசினான், ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் லாரன்ஸைக் கடலில் பிடித்துத் தள்ளியும் விட்டான். ஆனால் விழுந்த ஆள் நல்லபடியாக நீந்துகிறாரா என்று பார்க்க வேண்டியது அதிகாரியின் கடமை இல்லையா, அவன் எட்டிப் பார்த்துத் தேடி முடிப்பதற்குள் லாரன்ஸ் மறுபக்க ஏணி வழியாக ஏறிவந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சீட்டுக்கட்டை எடுத்து, "இப்ப யாரு எறக்கம் தம்பி?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குதித்தால் என்ன என்று யோசனை சொன்னவர் ஃபாதர்தான். அவரே ஒரு வள்ளத்தில் வந்து நின்று ஒன்று இரண்டு மூன்று எண்ணினார். மூன்று என்றதும் காளிராஜும் அன்றைய முறைக்காரரும் முழங்காலை மடக்கினார்கள், மற்றவர் போய்விட்டாரா என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள், மடக்கிய காலை நிமிர்த்திக்கொண்டார்கள். ஃபாதர் இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தார், லத்தீனில் எண்ணிப் பார்த்தார், கடைசியில் வேகத்தில் கையை வீசி அவரே தண்ணீரில் விழுந்தார். இரண்டு பேரையும் சேர்த்துக் கயிற்றால் கட்டித் தள்ளிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. தள்ளிவிடுகிறவன் கப்பலில் நிற்பானே, அப்போது அவன்தானே கடைசி ஆள் என்று காளிராஜே எடுத்துச்சொன்னான், ஆமாம் அது சரிதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

அரசாங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மிதக்கிற கப்பல் என்றால் ஓர் அதிகாரி பார்க்க வேண்டும், மூழ்கின கப்பல் என்றால் வேறோர் அதிகாரி பார்க்க வேண்டும், இதை யார் பார்ப்பது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, இளநீர் குடித்துவிட்டு ஒரே ஜீப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சாத்தூரிலிருந்து காளிராஜின் அம்மா வந்தார். மகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "நீ இறங்கினாத்தான் நான் இறங்குவேன்" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நீ இறங்கினாத்தான் நான் இறங்க முடியும்."

"பெத்தவ சொல்றேன், நீ மொத இறங்கு."

இப்படியே ஒரு மாசம். சாய்ந்த தளத்தில் தோசைக்கல்லை எப்படி வைத்தாலும் மாவு ஒரு பக்கமாக ஓடியது, அந்த அம்மா அதற்கும் சேர்த்து அழுதார். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து எடுத்துத் துரும்பாகிப் போனவரை ஊர்ப் பெண்கள் ஒரு வழியாகச் சமாதானம் செய்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி சாத்தூரிலிருந்து டின் டின்னாகக் காரச்சேவு வரும், சங்குமுனையே உட்கார்ந்து தின்னும்.

ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கப்பலின் நிழலில் மீன் கூடியது. ஊளியும் சீலாவும் விளமீனும் எங்கெங்கோ இருந்து வந்து அந்த நிழலில் குடியேறின, தூரக் கடலுக்குப் போய்க் கஷ்டப்பட்டவர்கள் வாசலில் வலை போட்டுப் பிடித்தார்கள், ஓலைக்கூரைகள் காங்கிரீட் ஆயின. ஆபீசர் தம்பி சீக்கிரம் கரையேறணும் என்று அந்தோணியாரிடம் உருகி உருகி ஜெபித்தவர்கள், ஜெபம் முடிந்ததும் வலையைத் தூக்கிக்கொண்டு கப்பல் நிழலுக்குத்தான் போனார்கள். ஜெபித்தது பொய் இல்லை, போட்ட வலையும் பொய் இல்லை, மனுஷர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். புதுமணத் தம்பதிகள் கப்பலில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அந்தப் போட்டோக்களில் கடல்தான் கோணலாக இருக்கும். ஒருமுறை தொலைவில் வேறொரு கப்பல் போனது, அதன் கேப்டன் டேப்ரிக்கார்டர்க்காரர்தான் என்று பிறகு தெரிந்தது. நீளமாக ஒரு சங்கு ஊதிவிட்டுப் போய்விட்டார். காளிராஜ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். அன்றைய முறைக்காரர் மட்டும் கடலில் காறித் துப்பினார்.

மெட்டில்டா வந்தது முறை ஆரம்பித்து மூன்றாம் வருஷம். செபஸ்தி வீட்டில் ஆண் இல்லை என்பதால் கமிட்டி அந்த வீட்டை முறையில் சேர்க்கவில்லை. அவள் வளர்ந்து, ஐஸ் கம்பெனியில் வேலைக்குப் போய், ஒரு நாள் கமிட்டிக்கு நேராக வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்காகப் போட்ட சட்டம். எங்க வீட்டுக்கு முறை இல்லன்னா எப்படி?"

கமிட்டி அன்றைக்கே அந்த வீட்டையும் முறையில் சேர்த்தது. அவள் தானே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள்.

காளிராஜுக்கு அப்போது பழகிய நாட்கள்தான். விடிந்ததும் கொடியேற்றுவான், தண்ணீருக்கு மேலே மிஞ்சியிருக்கும் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பான், பித்தளைப் பிடிகளைத் துடைப்பான், மாலையில் கொடியிறக்குவான். மெட்டில்டா அவன் பின்னாலேயே நடந்துவந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"வெறும் அறையத் தினமும் தெறந்து பாக்கீங்களே, யாரு இருக்கப்போறா?"

"யாரும் இல்லன்னு பாத்துத் தெரிஞ்சுக்கணும்ல."

"தெரிஞ்சுதா?"

"இன்னைக்கு நீங்க இருக்கீங்க" என்றான் காளிராஜ், சொல்லிவிட்டு இரண்டு காதும் சிவக்க நின்றான்.

அவளுடைய முறை நாளை எதிர்பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தான், அதை அவன் தனக்குத்தானே ஒளிக்கவும் இல்லை. அவள் அவனுக்கு மீன் அரியச் சொல்லிக்கொடுத்தாள், குளத்தில் பரீட்சைக்காகக் கற்ற நீச்சலைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்து, அலையில் நீந்தும் வகையைச் சொல்லிக்கொடுத்தாள். முறை நாட்களில் கப்பலை ஒட்டிய தண்ணீரில், ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே அவன் நீந்திப் பழகினான், ஏணியை விட்டால் இறங்கியதாகிவிடுமே. ஒரு நாள் அப்படி ஏணியைப் பிடித்துக்கொண்டே, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டும் விட்டான். அவள் சிரிக்கவில்லை.

"கரையில வந்து கேளுங்க" என்றாள். "எங்கம்மா கடலப் பாத்துக்கிட்டே உக்காந்து கண்ணு போனவ. கடலுக்குள்ள நிக்கிற ஆளுக்கு என்னால வாக்குத் தர முடியாது."

அதற்குமுன் காளிராஜ் இறங்க வேண்டும் என்று நினைத்ததெல்லாம் கடமையை முடிக்கும் நினைப்பு. அன்றையிலிருந்து அவனுக்குக் கரை வேண்டியிருந்தது. மாலையில் கொடியிறக்கும்போது ஊரில் விளக்குகள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனாலும் பக்கத்தில் ஒரு முறைக்காரர் சீட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்.

கப்பலோ யாரும் கவனிக்காத நேரம் பார்த்து விரல்கடை விரல்கடையாக இறங்கிக்கொண்டேதான் இருந்தது. சாப்பாட்டுக்கூடம் போனது, அறைகள் போயின, படகுகள் தொங்கிய தளம் போனது. கடைசி வருஷத்தில் கப்பலை ஓட்டுகிற உச்சி அறையும் புகைபோக்கியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன, ஒரு சின்ன வீட்டு அளவுக்கு. அதுவும் போகிற நாளில் யாருடைய முறையோ அவர் காளிராஜோடு சேர்ந்தே போவார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் முறை தப்பவில்லை. தன் முறைக்குப் போகுமுன் லாரன்ஸ் மனைவியிடம் வீட்டுச் சாவிகளையும் பெட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார், அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள்.

மெட்டில்டா அதைப் பார்த்துவிட்டுக் கஸ்பாரிடம் போனாள். "முறைய நிறுத்துங்க மாமா. நீங்க யாரும் போகலன்னா அவுகளே இறங்கிருவாக."

கஸ்பார் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"ஒங்கப்பன விட்டுட்டு வந்த ஆளு நான், மக்கா. போய்ட்டு வாங்கலேன்னு அவன்தான் சொன்னான், நானும் வந்துட்டேன். இன்னொருத்தன அப்படி விட்டுட்டு வரச் சொல்லாத. என்னால ஏலாது."

அவள் வீடு திரும்பினாள். தன் வீட்டு முறைக்குக் காத்திருந்தாள்.

அது வந்தது ஐப்பசியில். காலையிலேயே கொண்டல் வீச ஆரம்பித்து, வள்ளங்களைக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். மெட்டில்டா மட்டும் அலையைப் பிளந்துகொண்டு போய் ஏறி, முந்தைய நாள் முறைக்காரரை அவர் வள்ளத்தில் இறக்கி அனுப்பினாள். உச்சி அறைக்குள் கணுக்கால் தண்ணீர். கப்பலின் அடியிலிருந்து, வயசாளி எழுந்திருக்கும்போது முனகுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இல்லாத சத்தம் அது, காளிராஜ் கேட்டதும் புரிந்துகொண்டான்.

"மெட்டில்டா, நீ இறங்கிரு. கையெடுத்துக் கும்புடுறேன்."

"இறங்கத்தான் போறேன்" என்றாள் அவள். "ஒங்களத் தனியா விட்டுட்டுப் போறேன். அடுத்த ஆளு வராது."

இத்தனை வருஷமாகக் கெஞ்சியது இதைத்தான், ஆனால் செபஸ்தி மகளின் வாயிலிருந்து அது வரும் என்று அவன் நினைத்ததில்லை.

"ஊரு உன்னப் பேசுமே."

"பேசட்டும்." அவள் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "எங்கப்பா தனியா கெடந்தப்ப என்ன நெனச்சிருப்பாருன்னு நான் நெனைக்காத நாளு இல்ல. அதே மாதிரி ஒரு ஆள நானே விட்டுட்டுப் போறேன். திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தேன்னா வந்துருவேன், வந்தேன்னா ரெண்டு பேரும் போயிருவோம். கேட்டுக்கிட்டீங்களா?"

"யெஸ்..." என்று ஆரம்பித்து நிறுத்தி, "கேட்டுக்கிட்டேன்" என்றான்.

அவள் வள்ளத்தில் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, கப்பலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்புப் போட்டாள். அங்கே எல்லாருமே போகும் திசையைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுவார்கள், அன்றைக்கு அவளும் அப்படித்தான் போனாள், ஆனால் அது கரையைப் பார்ப்பது போல இல்லை, கப்பலைப் பார்க்காமலிருப்பது போல இருந்தது. காளிராஜ் அசையாமல் நின்று பார்த்தான். கடைசிப் பயணி பத்திரமாகக் கரை சேர்கிறாரா என்று பார்க்காமல் இறங்க முடியாது. அவள் வள்ளம் அலையில் ஏறி, மறைந்து, மறுபடி தெரிந்து, கடைசியில் மணலில் முட்டியது. அதற்குள் தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்திருந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்கூட ஓர் ஆள் இல்லாமல், கப்பலில் அவன் தனியாக இருந்தான். பயமாக இருந்தது. இந்தப் பயம்தானா செபஸ்திக்கும் வந்தது என்று நினைத்துக்கொண்டான், இத்தனை பேர் இந்தப் பயத்திலிருந்து தன்னைக் காப்பாற்றத்தான் சீட்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆனாலும் வேலை பாக்கி இருந்தது. தண்ணீருக்குள் இறங்கிப்போகும் படிக்கட்டின் வாயில் குனிந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். கீழே தளம் தளமாக, அறை அறையாகத் தண்ணீர்தான் இருந்தது, பதில் இல்லை. கொடியை இறக்கி மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். குதிக்கத் தேவைப்படவில்லை, கைப்பிடியை விட்டான், கப்பல் அவன் காலடியிலிருந்து விலகிக் கீழே போனது. இத்தனை வருஷம் காத்திருந்தது, போகும்போது ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கரையில் மெட்டில்டா வள்ளத்தைவிட்டு இறங்கியபோது ஊரே அவளைவிட்டு விலகிக் கூடி நின்றது. கஸ்பார் மட்டும் கிட்டே வந்து, "மக்கா, என்ன காரியம் பண்ணிட்ட" என்றார். அந்தச் சமயத்தில்தான் புகைபோக்கி மறைந்தது. வள்ளங்களைத் தள்ளினார்கள், அலை திருப்பி எறிந்தது, மறுபடி தள்ளினார்கள், மறுபடி எறிந்தது. பிறகு யார் முதலில் இறங்கியது என்று தெரியாது, ஆண்களும் பெண்களும் ஃபாதருமாக ஊர் முழுக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கடலுக்குள் நடந்தார்கள். கரையில் மெட்டில்டா ஒருத்திதான், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

காளிராஜ் நீந்தி வந்தான். ஏணி இல்லாமல், இரண்டு கையாலும், அலை தூக்கும்போது தன்னைக் கொடுத்து, அலை இழுக்கும்போது மூச்சைப் பிடித்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே வந்தான். கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு மணல்திட்டு உண்டு, அதில் அவன் கால் பட்டது. நெஞ்சளவு தண்ணீரில் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துப் பார்த்தான். எதிரே சங்குமுனை மொத்தமும் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது, அலை வந்து ஒவ்வொருவர் தலையையும் மூடிமூடித் திறந்தது.

அவனுக்குள்ளிருந்த ஆபீசர் விழித்துக்கொண்டான்.

"எல்லாரும் கரைக்குப் போங்க!" என்று கத்தினான். "நீங்க முதல்ல ஏறுங்க! நான் கடைசியா வர்றேன்!"

"நீங்க வாங்க தம்பி!" என்று கஸ்பார் கத்தினார். "ஒங்கள விட்டுட்டு நாங்க ஏற மாட்டோம்!"

"அண்ணே, சொன்னாக் கேளுங்க, இழுத்துட்டுப் போயிரும்!"

"நீங்க மொத வாங்க!"

ஒரு பெரிய அலை வந்து வரிசையை உடைத்தது. லாரன்ஸின் மனைவி கால் தவறி உள்ளே போனாள், அவளை முடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள், அப்படியும் வரிசை நகரவில்லை. அவனும் நகரவில்லை. இன்னும் இரண்டு அலை இப்படி வந்தால் யாராவது ஒருவர் போய்விடுவார் என்பது அவர்கள் எல்லாருக்குமே தெரிந்திருந்தது.

மெட்டில்டா திரும்பினாள். மணலில் ஓடிவந்து, முழங்கால் நனையும் இடத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கஸ்பார் மாமா! எங்கப்பாவ நீங்க விட்டுட்டு வரல! கயிறு எடுக்க வந்தீங்க! எங்கம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்! போதும் மாமா, கரையேறுங்க!"

கஸ்பார் அவளைப் பார்த்தார். செபஸ்தி போன நாளிலிருந்து அந்த வீட்டு வாசலை நிமிர்ந்து பார்த்து நடக்காதவர் அவர், அந்த வீட்டிலிருந்து இந்தச் சொல் வரும் என்று எதிர்பார்த்ததும் இல்லை. பிறகு, கடலில் தனியாக நிற்கும் ஒரு மனுஷனுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்துத் திரும்பினார். அவர் திரும்பியதும் லாரன்ஸ் திரும்பினார், ஃபாதர் திரும்பினார், கைகோத்தபடியே ஊர் முழுக்கத் திரும்பிக் கரைக்கு நடந்தது. ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி உள்ளே போய்விடுவோம் என்று ஒவ்வொருவருக்கும் தன்மேல் சந்தேகம் இருந்தது. பெண்கள் வாய்விட்டு அழுதுகொண்டு நடந்தார்கள், ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மணலில் ஏறிய பிறகும் அப்படியே ஊரைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டி நின்றார்கள், மெட்டில்டாவும் அவர்களோடு திரும்பி நின்றாள். கஸ்பார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அலைச் சத்தம் மட்டும் கேட்டது, வெகுநேரம் அது மட்டும்தான் கேட்டது. பிறகு அதன் நடுவில், ஓர் ஆள் தண்ணீரைக் காலால் தள்ளித் தள்ளி நடந்து வருகிற சத்தம் கேட்டது. அது கிட்டே வந்தது. தண்ணீர்ச் சத்தம் போய் ஈர மணலில் கால் பதிகிற சத்தம் ஆனது, அதற்கும் யாரும் திரும்பவில்லை. அவன்தான் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். சொட்டச் சொட்ட நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கஸ்பார் முன்னால் நின்றான்.

"எல்லாரும் வந்தாச்சா அண்ணே?" என்று கேட்டான்.

கஸ்பார் கண்ணைத் திறந்தார்.

"வந்தாச்சு தம்பி, எல்லாரும் வந்தாச்சு" என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார்.